நிறையும் நிறைவும்

உடலைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகள் தனிமனிதரின் சொந்த விவகாரம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. எதை உண்பது, எவ்வளவு உண்பது, எந்த நிறையில் இருப்பது என்பனவற்றை எழுதப் புகுந்தால், பிரச்சினைகள் மலிந்து கிடக்கும் நாட்டில் இதற்கும் ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கவுங்கூடும். ஆயினும் கடந்த சில மாதங்களாக நமது சிந்தனையை ஆட்கொண்டிருந்த வினா ஒன்று நம்மோடு மட்டும் நின்றுவிடுவதன்று என்பதை உணர்ந்தமையாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு நாம் உட்பட்டு இருபது மாதங்கள் கழிந்துவிட்டன. இரைப்பையின் முக்காற் பங்கை, அல்லது அதனினும் சற்றுக் கூடுதலான பகுதியை, வெட்டியகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய் போல் ஆக்கிவிடும் முறை அது. அன்று நமது நிறை 118 கிலோ, இன்று 82. கடந்த ஆறு மாதங்களாகத் தராசின் முள் 82ஐ விட்டு ஒரு கிலோ அங்குமிங்கும் அசைகிறதேயன்றி, வேறெங்கும் செல்வதாக இல்லை. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 68 கிலோவைத் தாண்டலாகாது என்கிறது கிளினிக் சுவரில் தொங்கும் அட்டவணை. எனவே வினா இதுதான்: உணவை மேலும் சுருக்கி, உடலை மேலும் வருத்தி, எஞ்சிய பதினான்கு கிலோவையும் குறைக்க முனைவதா? அன்றி, இதுவே போதுமென அமைந்து, இந்த நிறையைப் பேணிக்கொண்டு வாழ்வதா?

ஆசிரியர் ஓய்வறையில் இவ்வினாவுக்கு விடை கூறாதார் இல்லை. “இவ்வளவு குறைச்ச ஆளுக்கு இன்னும் பத்துக் கிலோ ஒரு பெரிய வேலையே, ரீச்சர்? இதோட விட்டால் செய்ததெல்லாம் வீண்” என்றார் கணிதம் கற்பிக்கும் நண்பர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பெரியம்மாவோ, “போதும் பிள்ளை, முகமெல்லாம் வாடிப்போச்சு, இனியாவது வடிவாய்ச் சாப்பிடு” என்றார். இருவர் சொல்லிலும் அன்பு இருந்தது. எனினும் இருவரும் கண்ணிற்பட்ட தோற்றத்தைக் கொண்டே தீர்ப்பளித்தனர்.

சத்திரசிகிச்சைக்கு நாம் சென்றது தோற்றத்தின் பொருட்டன்று. முப்பத்து மூன்றாவது வயதில் நீரிழிவு. இரண்டாம் மாடியிலுள்ள வகுப்பறைக்குப் போகும் வழியில் நின்று மூச்சு வாங்கவேண்டிய நிலை. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல். மணமாகி ஆண்டுகள் ஐந்து கடந்தும் பிள்ளைப்பேறின்மை. இவையே நம்மை அங்கு கொண்டு சென்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மருந்தும் உபகரணமுமின்றி அரசாங்க வைத்தியசாலைகள் சில அவசரமற்ற சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்த காலத்திலே நமது பெயரும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. ஈற்றில் முறை வந்தபோது ஒரு சதமும் அறவிடாமல் அது செய்துமுடிக்கப்பட்டது. தனியார் வைத்தியசாலையில் அதற்குரிய கட்டணத்தை ஆசிரியச் சம்பளத்தில் நாம் கனவிலும் செலுத்தியிருக்க இயலாது. செலவழிந்தது மக்களின் பணம். அப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் நாம் என்ற எண்ணமே, ‘இன்னுங் குறைக்க வேண்டும்’ என்ற பக்கத்தில் முதலிற் பாரமாக அமர்ந்திருந்தது.

கணக்குக் காட்டுவதாயின் எந்த அலகிற் காட்டுவது என்ற கேள்வி உடனே எழுகிறது. உயரத்தையும் நிறையையும் தொடர்புபடுத்தும் உடற்றிணிவுச் சுட்டியின் மூலத்தைத் தேடினால், 1830களில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிபர அறிஞர் அடோல்ப் கெற்றலேயிடம் சென்று சேர்கிறோம். அவர் வைத்தியரல்லர், நோயாளி எவருக்கும் இலக்கு வகுக்க அவர் முற்படவில்லை. மக்கட் கூட்டங்களின் சராசரியை ஆராய்வதே அவர் நோக்கம். அச்சூத்திரத்துக்கு இன்று வழங்கும் பெயரை 1972இல் இட்டவர் அமெரிக்க உடற்றொழிலியலாளர் அன்செல் கீஸ். இடைப்பட்ட காலத்தில் ‘இலட்சிய நிறை’ என்ற கருத்தைப் பரப்பியதில் மெற்றோபொலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கம்பனிக்குப் பெரும் பங்குண்டு. 1940களின் தொடக்கத்திலும் பின்னர் 1959இலும் அது வெளியிட்ட அட்டவணைகள், காப்புறுதி எடுக்கும் வசதி படைத்தோரின் மரணக் கணக்கிலிருந்து எழுந்தவை. யாருடைய உயிருக்கு எவ்வளவு கட்டணம் விதிக்கலாம் என்று கணிக்கும் தேவை அதன் பின்னணியில் இருந்தது. வணிகத்தின் தேவைக்குப் பிறந்த ஓர் எண், காலப்போக்கில் ஒழுக்கத்தின் அளவுகோலாகவும் அழகின் அளவுகோலாகவும் மாறிவிட்ட வரலாறு இது.

இதனைக் கூறிவிட்டு, ‘ஆகவே எண்கள் யாவும் பொய்’ என்று முடித்துவிடுவது எளிது. அது நேர்மையன்று. தென்னாசியருக்கு நீரிழிவும் இருதய நோயும் குறைந்த நிறையிலேயே வந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் இதனை ஆராய்ந்து, ஆசிய மக்களிடையே 25 என்ற எல்லைக்குக் கீழேயே ஆபத்து மிகுவதைச் சுட்டிக்காட்டியது, 23, 27.5 ஆகியவற்றைக் கவனத்திற் கொள்ளவேண்டிய புள்ளிகளாகவும் குறித்தது. நமது சுட்டியோ 30ஐச் சற்றுத் தாண்டி நிற்கிறது. பதினான்கு கிலோ குறைந்தால் நமக்கு நன்மை விளையக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அந்த நன்மையை எவ்விலை கொடுத்து வாங்குவது என்பதே ஆராய வேண்டியது.

உடல் ஒரு கணக்கேடாக இருந்தால் பிரச்சினை இல்லை. உண்பதைக் குறைத்தால் நிறையும் அதே வீதத்திற் குறைந்துகொண்டே போகும். ஆனால் நிறை இழந்த உடல், செலவைச் சுருக்கிக்கொள்ளும் ஏழைக் குடும்பம் போல் நடக்கிறது. அதே வேலைக்குக் குறைந்த சக்தியைச் செலவிடுகிறது, பசியைக் கூட்டுகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்த கிறெலின் என்ற பசியூட்டும் ஓமோன் பெரும்பாலும் இரைப்பையிற் சுரப்பது. இரைப்பையின் பெரும் பகுதியை அகற்றும்போது அது வீழ்ச்சியடைகிறது. சத்திரசிகிச்சையின் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம். எனினும் ஓராண்டு, ஒன்றரையாண்டு செல்ல, உடல் புதிய சமநிலையொன்றைத் தேடிக்கொள்கிறது. இம்முறையில் ஆரம்ப நிறையின் நாலிலொரு பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடைப்பட்ட அளவு குறைவதே பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கது. நமக்குக் குறைந்தது 36 கிலோ. அதாவது நூற்றுக்கு முப்பது. கத்தி தரக்கூடியதைத் தந்துவிட்டது. இனிக் குறைப்பதாயின் அதனைப் பட்டினியே செய்யவேண்டும்.

பட்டினி மனிதரை என்ன செய்யும் என்பதை ஆராய்ந்தவரும் அதே அன்செல் கீஸ்தான். 1944-45இல் மினசோட்டாவில் 36 தொண்டர்களைக் கொண்டு அவர் நடத்திய பரிசோதனையில், ஆரோக்கியமான இளைஞர்கள் மாதக்கணக்கில் அரைவயிறுண்டனர். நிறை குறைந்தது, அத்தோடு அவர்களின் உற்சாகமும் சிந்தனையும் குறைந்தன. உணவைப் பற்றிய எண்ணமே அவர்களது நாளை நிறைத்தது. நாமும் சென்ற தவணையில் ஆறு வாரங்கள் உணவை மேலும் சுருக்கிப் பார்த்தோம். இரண்டு கிலோ குறைந்தது. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. உயர்தர வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கையில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. இரும்புச்சத்து தாழ்ந்துவிட்டதாக இரத்தப் பரிசோதனை கூறியது. உணவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்ததும் அந்த இரண்டு கிலோவும் திரும்பி வந்து சேர்ந்தன.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கு சத்திரசிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகக் குறைந்த நிறையை அடைந்து, பின்னர் ஓரளவு மீண்டும் கூடினர். பத்தாண்டு முடிவில், முறைக்கு முறை வேறுபட்டு, சுமார் 14 முதல் 25 சதவீதம் வரை குறைந்த நிலையில் நின்றனர். அவர்களுக்குச் செய்யப்பட்டவை நமக்குச் செய்யப்பட்ட முறையல்ல என்பது உண்மை. ஆயினும் சராசரியாக அட்டவணையின் எல்லைக்கு அருகிற்கூட அவர்கள் செல்லவில்லை என்பதும், அவ்வாறிருந்தும் சத்திரசிகிச்சை பெறாதோரைவிட அவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது என்று 2007இல் அறிவிக்கப்பட்டது என்பதும் நம்மைச் சிந்திக்க வைத்தன. பெற்ற பயன், எட்டாத இலக்கினால் இல்லாமற் போய்விடவில்லை.

இவையெல்லாம் ஒரு புறமிருக்க, நமது வினாவுக்குக் கால எல்லை ஒன்றும் உண்டு. நமக்கு வயது முப்பத்தாறு. இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது ஓராண்டோ ஒன்றரையாண்டோ கருத்தரிக்காதிருக்குமாறும், நிறை நிலைபெற்ற பின்னரே அதனை நாடுமாறும் வைத்தியர் கூறுவர். தாயின் உடல் வேகமாகக் கரைந்துகொண்டிருக்கையில் கருவிலுள்ள சிசுவுக்குப் போஷாக்குக் குறையும் என்பதே காரணம். நம்மைப் பார்த்துவரும் வைத்தியர் தெளிவாகவே சொன்னார்: “இரண்டில் எதைச் செய்தாலும் நான் துணை நிற்பேன், மிஸ். ஆனால் இரண்டையும் ஒரே காலத்திற் செய்ய ஏலாது.” பருமனுடன் கருத்தரித்தால் நீரிழிவும் குருதியமுக்கமும் மீளக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நிறை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் பற்றிக் கேட்டோம். அவற்றின் விலை ஒருபுறமிருக்க, கருத்தரிக்க எண்ணுவோர் அவற்றை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும் என்றார். ஆக, பதினான்கு கிலோவின் விலை இன்னும் இரண்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகள் நமக்கு மலிவானவையல்ல.

விடுதியில் நமக்கு அடுத்த கட்டிலில் இருந்த சிங்களச் சகோதரி கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். அதே வாரத்தில் அதே சிகிச்சை பெற்றவர். கிளினிக்கில் நாம் மீண்டும் சந்தித்தபோது, அவர் நிறை நம்மைவிட அதிகமாகவே இருந்தது. சிறிது சிறிதாக ஆறு வேளை உண்ணுமாறு தாதி கூறிய அறிவுரையை, தையல் இயந்திரத்தின் முன் இலக்கு எண்ணி அமர்ந்திருப்பவர் எவ்வாறு நிறைவேற்றுவார்? முட்டையின் விலையும் மீனின் விலையும் கேட்டால் புரதம் என்ற சொல்லே எட்டாத உயரத்தில் நிற்கிறது. “நிற்க முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது, எனக்கு அது போதும்” என்றார் அவர். அவரது ‘போதும்’ மனநிறைவினால் மட்டும் பிறந்ததன்று. நேரமும் பணமும் இட்ட எல்லை அதில் இருக்கிறது. நின்று நிதானித்து இரு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வாய்ப்பே நமக்குக் கிடைத்த ஒரு வசதி என்பதை அவரிடமிருந்து அறிந்தோம்.

பலவற்றையும் சீர்தூக்கிய பின் நாம் நிறுத்திக்கொள்ளத் தீர்மானித்தோம். கணக்கை வேறு அலகில் எழுதினோம். மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனி 8.6 சதவீதத்திலிருந்து 5.5க்கு வந்திருக்கிறது, மாத்திரை எதுவுமின்றி. குருதியமுக்கம் சீராக உள்ளது. உறக்கம் தடைப்படுவதில்லை. இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறோம். மக்களின் பணத்துக்கு நாம் காட்டக்கூடிய கணக்கு இது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதே வேளை இத்தீர்மானத்துக்கு நிபந்தனைகளும் விதித்துக்கொண்டோம். நிறை 85ஐத் தாண்டினால் காத்திராமல் கிளினிக்குக்குச் செல்வது. இரத்தச் சீனி 6 சதவீதத்தை நெருங்கினால் முழுக் கேள்வியையும் மீளத் திறப்பது. இரும்புச்சத்து சீராகும்வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது.

பேணுதல் என்றதும் கைகட்டி இருத்தல் என்று பொருள்கொள்வாருளர். வன்னிக் குளங்களைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணார். குளத்தைக் கட்டுவது ஒரு காலத்து வேலை. கட்டைக் காப்பது ஒவ்வொரு மாரிக்கும் உரிய வேலை. நமது நாளும் அவ்வாறே கழிகிறது. காலையில் ஓர் இடியப்பம், ஒரு முட்டை. இடைவேளையில் அவித்த கடலை. மதியம் சோற்றுக்கு முன் மீனும் பருப்பும். உணவோடு தண்ணீர் அருந்தாமை. ஆயுள் முழுவதும் விற்றமின் பீ12 உட்பட மாத்திரைகள். மாலையில் நாற்பது நிமிட நடை. தராசு இறங்கிய மாதங்களில் ஊரே பாராட்டியது. அது அசையாது நிற்கும் மாதங்களில் அதே உழைப்பைப் பாராட்ட எவருமில்லை. ‘மேலும் மேலும்’ என்பதை மட்டுமே முன்னேற்றமாகக் கொள்ளும் சமுதாயத்தில், உள்ளதை உருக்குலையாமற் காக்கும் உழைப்புக்கு மதிப்பில்லை. வீட்டிற் பெண்கள் செய்யும் வேலைக்கும் நகரிலே துப்புரவுத் தொழிலாளர் செய்யும் வேலைக்கும் நேர்ந்த கதியே இதற்கும் நேர்கிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தராசில் ஏற்றி, நிறையை உரத்து வாசித்து எழுதும் வழக்கம் நம் பாடசாலைகள் பலவற்றில் இன்றும் காணப்படுகிறது. மெலிந்த பிள்ளையின் வீட்டு அடுப்பைப் பற்றியும், பருத்த பிள்ளையின் பாதத்திலுள்ள தோல் நோவைப் பற்றியும் அந்த எண் எதுவும் கூறுவதில்லை. வகுப்பு சிரிப்பதற்கு மட்டும் அது போதுமானதாயிருக்கிறது. நமது வகுப்பில் அடுத்த முறை அந்த எண்களைத் தாளில் மட்டும் எழுதி, பெற்றோரிடமும் சுகாதார உத்தியோகத்தரிடமும் நேரிற் கையளிப்பதென அதிபரிடம் அனுமதி பெற்றுள்ளோம். சக ஆசிரியர்களும் தத்தம் பாடசாலைகளில் இதனைக் கேட்டுப் பார்க்கலாம். செலவு எதுவுமில்லை.