மர்துக்கின் மனிதன்

வேதாகமத்தில் வாயில் நுழையாத பெயர் வந்தால் பலரும் முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப்போவார்கள். எனக்கோ அங்கேதான் கால் நின்றுவிடும். இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் கடைசி நான்கு வசனங்களில் வரும் ஏவில்மெரொதாக் அப்படியொரு பெயர்.

எருசலேமை எரித்த பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் மகன் இவன். கி.மு. 562 முதல் 560 வரை ஆண்டான். பிறகு மைத்துனன் நெரிக்லிசார் இவனைக் கொன்று அரியணை ஏறினான் என்கிறார் பாபிலோனிய வரலாற்றாசிரியர் பெரோசஸ்.

அக்காடிய மொழியில் இவன் பெயர் அமேல்-மர்துக். அமேல் என்றால் மனிதன். மர்துக் பாபிலோனின் காவல் தெய்வம். 'மர்துக்கின் மனிதன்' என்பது நம் ஊர் 'தாசன்' பெயர்களைப் போன்ற பக்திப் பெயர்தான். ஆனால் எபிரேயத்தில் 'எவீல்' என்றால் மூடன். யூத எழுத்தர்கள் வேண்டுமென்றே பெயரைத் திரித்துப் பழிதீர்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சு இப்படித்தான் கிளம்பியது. ஆங்கில வேதாகமம் படிப்பவர்களுக்கோ அது 'ஈவில்' என்றே கண்ணில் படுகிறது. கெட்டவன் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

திரித்தார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. பிற்காலப் பாபிலோனியர் பேச்சில், உயிர்களுக்கு நடுவே வரும் மகரம் வகரமாக ஒலித்தது. அவர்களுடைய சிமானு மாதம் யூதர்களிடம் சீவான் ஆனது. கிஸ்லிமு கிஸ்லேவ் ஆனது. மாதப் பெயரைக் கேலி செய்ய யாருக்கு என்ன அவசியம்? காதில் விழுந்ததை எழுதினார்கள். அமேல் எவீல் ஆனதும் அதே வழியில்தான். அது மூடனைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போனபோது சிலர் சிரித்திருக்கலாம். அது வேறு விஷயம்.

அந்த நான்கு வசனங்களில் கேலியின் வாடையே இல்லை. கி.மு. 597-இல், பதினெட்டு வயதில் சிறைபிடிக்கப்பட்ட யூதா அரசன் யோயாக்கீனை, முப்பத்தேழாம் ஆண்டில் இவன் விடுவிக்கிறான். சிறை உடையை மாற்றுகிறான், அன்பாகப் பேசுகிறான், மற்ற சிறைப்பட்ட அரசர்களுக்கு மேலான இருக்கை தருகிறான், ஆயுள் முழுதும் தன் பந்தியிலேயே உணவு கிடைக்கச் செய்கிறான். பாபிலோனில் தொல்லியலாளர் கோல்டவே அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில் யூதா அரசன் யோயாக்கீனுக்கும் அவன் மகன்கள் ஐவருக்கும் அளந்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. 1939-இல் ஆய்வாளர் வைட்னர் அதை வெளியிட்டார். அவை நேபுகாத்நேச்சார் காலத்தவை. ஆக, படி அளந்தவன் தகப்பன்; மரியாதை தந்தவன் மகன்.

பழிதீர்க்க நினைத்த எழுத்தர்கள், தங்கள் நாட்டின் வீழ்ச்சியைச் சொல்லும் புத்தகத்தை எதிரி மகனின் கருணையோடு முடித்திருக்க மாட்டார்கள். இனி யாராவது பிரசங்கத்தில் அவனை மூடன் என்றால், அந்த நான்கு வசனங்களை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.