கல் மரத்தருகே ஒரு கேள்வி

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற எல்லோரும் பெரம்பலூரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இறங்கியிருக்கிறீர்களா? ஒரு காப்பி, ஐந்து நிமிஷம், பஸ் புறப்பட்டுவிடும். நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். இந்தத் தடவை கல் மரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் இறங்கினேன்.

பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் பூமி. சாத்தனூர் கிராமத்தில், கம்பி வேலிக்குள் படுத்திருக்கிறது அந்த மரம். நீளம் 18 மீட்டர். புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைக் கண்டறிந்தார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடல். அந்தக் கடலின் மண்ணில் புதைந்த மரம், மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது. பார்த்தால் மரம்தான், ஆனால் சுத்தமான கல்!

"இதிலிருந்து மறுபடி செடி முளைக்க வைக்க முடியாதா அம்மா?" என்றான் சின்னவன்.

"முடியாதடா கண்ணா. ஒவ்வோர் உயிருக்குள்ளும் அதன் வம்ச ஏடு ஒன்று இருக்கிறது. இந்த மரத்தின் ஏடு எப்போதோ கரைந்துபோய்விட்டது. உருவம்தான் மிச்சம்" என்றேன்.

வேப்பமர நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இதைக் கேட்டுவிட்டாள். மெல்ல எழுந்து வந்தாள்.

"ஏம்மா, மனுஷனுக்கும் அந்த ஏடு உண்டா?"

"உண்டு பெரியம்மா."

"அப்போ உன்கிட்டே ஒண்ணு கேக்கணும். தை மாசம் என் மகன் வயித்துப் பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, என் மக பெத்த பையன்தான். முறைப்படி அத்தை மகன். ஆனா அந்த மகளையும் நான் சொந்தத்திலேதான் குடுத்தேன். அவளோட மூத்த பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தினோம். தங்கலே. சொந்தத்திலே கட்டினா இப்படித்தான்னு ஊரிலே சொல்றாங்க. மெய்யாம்மா?"

சகோதரிகளே, அவள் கேட்டது அவள் வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஆகவே அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

நம் உடலின் ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். இரண்டிலும் பிழை அமைந்தால்தான் தலசீமியா போன்ற நோய்கள் வருகின்றன. தலசீமியாவுக்கு நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் காரணம், ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான்! ஒரே தாத்தா பாட்டியின் பேரப் பிள்ளைகளிடம் அதே பிழை இருக்க வாய்ப்பு கூடுதல். அதற்காக உறவுத் தம்பதியர் அனைவரும் பயந்து நடுங்க வேண்டாம். அவர்களுடைய குழந்தைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள்.

300 கோடியில் ஓர் எழுத்தை எப்படித் தேடுவது? 1977-இல் சாங்கர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வழி கண்டார். ஆனால் ஃபிலிமில் விழும் கோடுகளைக் கண்ணால் பார்த்து, கையால் எழுத வேண்டும். 1986-இல் அமெரிக்காவில், நான்கு எழுத்துக்கும் நான்கு சாயம் ஏற்றி இயந்திரத்தையே படிக்க வைத்தார்கள். அப்படியும் மனித ஏட்டைப் படிக்க 1990 முதல் 2003 வரை ஆயிற்று. பிறகு சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன், கேம்பிரிட்ஜில் கிளெனர்மன் என்பவரோடு சேர்ந்து புது உபாயம் கண்டார். ஏட்டைத் துண்டு துண்டாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே சமயத்தில் படம் பிடிப்பது! இன்று ஒரே இயந்திரம் இரண்டு நாளில் பல மனிதர்களின் ஏட்டைப் படித்துவிடுகிறது.

படிப்பதற்கு முன் ரத்தத்திலிருந்து அந்த ஏட்டைப் பிரித்தெடுக்க வேண்டுமே? அதற்கும் இயந்திரக் கை இருக்கிறது. குழிப்பணியாரச் சட்டியைப் போல ஒரு தட்டு; 8 வரிசை, வரிசைக்கு 12, ஆக 96 சின்னக் குழிகள். மழைத்துளியைவிடச் சிறிய துளிகளை அந்தக் கை அளந்து விடுகிறது. நாம் பணியாரம் ஊற்றும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால், எந்தக் குழி வரை ஊற்றினோம் என்று மறந்துபோகும் அல்லவா? அங்கே மறந்தால் ஒருத்தியின் ரத்தம் இன்னொருத்தியின் பெயரில் ஏறிவிடும். இயந்திரக் கைக்குக் களைப்பில்லை. குழாய்க்குக் குழாய் பார்கோடு. இத்தகைய இயந்திரங்கள் இருப்பதால்தான், நம் நாட்டின் 83 சமூகக் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேருடைய ஏட்டைப் படிக்க முடிந்தது. அந்த விவரங்களை 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்களின் ஏட்டையே வைத்து நம் பிழைகளைத் தேடிய காலம் மாறி வருகிறது.

"அதெல்லாம் இருக்கட்டும். என் பேத்திக்கு என்னம்மா வழி?" என்றாள் பெரியம்மா.

"உங்கள் மகளிடம் அந்தப் பிழை இருந்திருக்கிறது. மாப்பிள்ளை திடமாக இருந்தாலும் அவரிடம் அது இருக்க 3-இல் 2 பங்கு வாய்ப்பு. பேத்திக்கும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4-இல் 1 பங்கு ஆபத்து. ஒருவருக்காவது இல்லையென்றால் அந்தப் பயமே இல்லை. இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் காட்டுங்கள். முடிவு சொல்வது இயந்திரம் அல்ல, அவர்கள் இருவரும்தான்."

அங்கிருந்து அரியலூருக்குப் பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். வாரணவாசி அருங்காட்சியகத்தில், அந்தப் பழைய கடலின் சுருள் சிப்பிகளைப் பிள்ளைகள் ஆசை தீரப் பார்த்தார்கள். 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அரியலூரில் இருக்கிறது என்பது என் மனசுக்குத் தெம்பாக இருந்தது. அந்தப் பெண்ணும் பையனும் விசாரிக்க ஓர் இடம் இருக்கிறதே!

புறப்படும்போது பெரியம்மா சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது:

"பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சும்மா. பதினோராவதா இதையும் பார்த்துடறேன்."

உங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா? பெரியம்மாவின் அந்தப் பதினோராவது பொருத்தத்தை மறந்துவிடாதீர்கள்.