பெயர் கேட்காத நகரம்

"கெட்டும் பட்டணம் சேர்" என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். ஆனால், நான் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறிய அன்று அவர் அந்தப் பழமொழியைச் சொல்லவில்லை. "அங்க யாரும் உன்ன யாரு, எவருன்னு கேக்க மாட்டாங்க மீனாச்சி. பாத்து நடந்துக்க," என்றுதான் சொன்னார். அவர் எச்சரிக்கையாகச் சொன்னது என் காதில் வரமாக விழுந்தது!

அது 2004-ஆம் ஆண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்து, தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு தலையணையோடும் புறப்பட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கடைக்குப் போய் ஒரு கிலோ சீனி வாங்கி வருவதற்குள் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். "எங்க போற?" "அப்பா வேலை விட்டு வந்துட்டாரா?" "நேத்து உங்க வீட்டுக்கு மோட்டார்ல வந்தது யாரு?" திருவிழாவுக்குப் புதுச் சட்டை போட்டால், அதன் விலை நான் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அடுத்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. 'டிராக்டர் ஓட்டுறவரு மக' என்றால் போதும். என் பெயருக்கு அங்கே பெரிதாக வேலையே இருக்கவில்லை.

புடுராயா பேருந்து நிலையத்தில் இறங்கியபோது புகையும் இரைச்சலும் டிக்கெட் விற்பவர்களின் கூச்சலும் என்னைத் திக்குமுக்காட வைத்தன. ஆனால், அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை! அந்தக் கணமே இந்த நகரத்தை எனக்குப் பிடித்துப்போனது.

முதலாமாண்டில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எல்.ஆர்.டி. ரயிலில்தான் கழிந்தன. கிளானா ஜெயா தடத்தில் ஓடும் அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. யுனிவர்சிட்டி நிலையத்தில் ஏறி, குழந்தைகளோடு குழந்தையாக முன் கண்ணாடியின் அருகே போய் நின்றுகொள்வேன். பசார் செனி நிலையத்தைத் தாண்டியதும் ரயில் நிலத்துக்குள் புகும். வெளிச்சம் சட்டென்று மறைய, வயிற்றுக்குள் என்னவோ செய்யும். மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்கி மேலே வந்தால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் ஒன்று கலக்கும் இடம். சேறு கலந்த அந்தச் சங்கமம்தான் 'கோலாலம்பூர்' என்ற பெயருக்கே காரணம். 1909-இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் அந்த முனையில் அமைதியாக நிற்கும். அங்கிருந்து மஸ்ஜித் இந்தியா சாலைக்கு நடந்தால் சேலைக் கடைகள், தமிழ்ப் புத்தகக் கடைகள், மூலைக்கு மூலை சாப்பாட்டுக் கடைகள். ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பேன். "யாரு மக நீ? இங்க என்ன பண்ற?" என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை ஆண் நண்பர்களுக்கு விளக்கிச் சொல்வது கொஞ்சம் சிரமம்தான்.

படிப்பு முடிந்த பிறகுதான் நகரத்தின் மறுபக்கத்தைப் பார்த்தேன். பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்தாகிவிட்டது. 2007-இல் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு வேலை. இனி வாடகைக்கு அறை தேட வேண்டும். நாளிதழ் விளம்பரங்களிலும் மின்கம்பங்களில் ஒட்டியிருந்த தாள்களிலும் எண்களைக் குறித்துக்கொண்டு அழைக்கத் தொடங்கினேன். எதிர்முனையில் இருந்தவர்கள் வாடகையைச் சொல்வதற்கு முன்பே கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் என்ன இனம்?"

"இந்தியர்."

"ஓ, அறை முடிந்துவிட்டது."

சிலர் "மன்னிக்கவும்" என்றார்கள். சிலர் அதுவும் இல்லாமல் வைத்துவிட்டார்கள். சில தாள்களில் இந்தியர்கள் அழைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. அது ஒருவகையில் எனக்குத் தொலைபேசிக் காசை மிச்சப்படுத்தியது!

ஒரு தோழி யோசனை சொன்னாள். "நீ ஏன் மீனாட்சின்னு சொல்ற? மீனான்னு மட்டும் சொல்லு. மலாய்க்காரப் பொண்ணுங்களும் மீனான்னு பேரு வச்சிருக்காங்க. நேர்ல பாத்தா மனசு மாறினாலும் மாறும்ல?"

அப்படியே செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன். "மீனா" என்றதும் எதிர்முனைக் குரல் கனிந்தது. மறுநாள் மாலையே வரச் சொன்னார்கள். மோனோரெயிலில் ஏறினேன். நான் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் 'துன் சம்பந்தன்'. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முக்கியச் சாலையும் அந்நிலையமும் ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் பெயரைத் தாங்கியவை. ஒலிபெருக்கி அந்தப் பெயரைத் தெளிவாக அறிவித்தது. இறங்கி நடந்தேன். வீட்டுக்கதவு திறந்தது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றிப் பொட்டைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், "இப்போதுதான் என் தம்பி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்," என்றார்.

திரும்பி வரும் வழியில் அழுகை வரவில்லை. கோபமும் அவர்மேல் வரவில்லை. என்மேல்தான் வந்தது. என் அப்பாவின் அம்மாவுக்கு மீனாட்சி என்று பெயர். அவருடைய நினைவாக அப்பா எனக்கு வைத்த பெயரை, ஓர் அறைக்காக நானே பாதியாக வெட்டிக்கொண்டேன் அல்லவா? அன்றிரவு அப்பா தொலைபேசியில் கேட்டார். "ரூம்பு கெடச்சிருச்சாம்மா?" "பாத்துக்கிட்டு இருக்கேன்பா," என்று மட்டும் சொன்னேன்.

இந்த நகரத்துக்கு நாம் நேற்று வந்த விருந்தாளிகள் அல்லர். துன் எச்.எஸ். லீ சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் ஆலயம் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தோற்றுவித்தது. அவர் பெயரிலும் இங்கே ஒரு சாலை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்து தண்டவாள வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். 1998-இல் காமன்வெல்த் போட்டிகள் நடந்த புக்கிட் ஜாலில் விளையாட்டரங்க வட்டாரமும் முன்பு ரப்பர்த் தோட்டம்தான். சாலைக்கு நம் பெயரை வைக்க இடம் இருக்கிறது. நமக்குத் தங்க ஓர் அறை கொடுக்க மட்டும் சில வீடுகளில் இடம் இல்லை. இது அன்றைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். இன்று தாள்களுக்குப் பதிலாக இணையத்தில் விளம்பரங்கள் வருகின்றன. அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

கடைசியில் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் தாதியாக வேலை செய்த ஓர் அக்கா தம் வீட்டில் இடம் கொடுத்தார். அவர் என் இனத்தையும் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "தெலுக் இந்தான்," என்றேன். "சாப்பிட்டியா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

ஆண்டுகள் ஓடின. நகரம் பழகிப்போனது. காலை ஆறு மணிக்கு இருட்டில் கிளம்புவதும், மாலை ஐந்து மணி மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்பதும், பொங்கலுக்கு முதல் நாள் கரும்பு வாங்க பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றுவதும் வாழ்க்கையாகிவிட்டன. தைப்பூசத்துக்கு முன்னதாக வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவில், அதன் பின்னால் செருப்பில்லாமல் நடக்கும்போது மட்டும் நகரத்தின் மேலுள்ள கோபமெல்லாம் இறங்கிவிடும். எந்த ஊர்க்காரர் என்றே தெரியாதவர்கள் தண்ணீரும் மோரும் நீட்டுவார்கள். சாலை அன்று நமக்காகவே காத்திருப்பது போலத் தோன்றும்.

2015-இல் அதே வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினேன். பன்னிரண்டாவது மாடி. மின்தூக்கி வாரம் ஒருமுறை கெட்டுப்போகும். எதிர்வீட்டில் ஒரு மலாய் மாக்சிக் இருந்தார். முதல் நாளே கதவைத் தட்டி, ஒரு தட்டு குவே கொடுத்து, என் பெயரைக் கேட்டார். அறை தேடிய காலத்து அச்சம் இன்னும் உள்ளே இருந்ததோ என்னவோ, "மீனா," என்றேன். "முழுப் பெயரே அதுதானா?" என்றார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "மீனாச்சி," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பாட்டி கூப்பிடுவதும் அப்படித்தானே!

மாக்சிக்கைத் தவிர அந்தக் கட்டடத்தில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. மின்தூக்கியில் ஏறினால் எல்லாரையும் போல நானும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரும் யாரையும் எதுவும் கேட்காத அந்தச் சுகத்துக்காகத்தானே பட்டணம் வந்தேன்?

பிறகு 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கதவுகள் மூடின. மறு ஆண்டு ஜூன் இறுதியில், உணவுக்கு வழியில்லாத குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவலாம் என்றொரு முயற்சி சமூக ஊடகங்களில் பரவியது. ஒரு மாலையில் மாக்சிக் என் கதவைத் தட்டினார். "மீனாச்சி, ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டில் வெள்ளைத் துணி தொங்குகிறது. அவர்கள் உங்கள் ஆட்கள் போலிருக்கிறது. நீயும் வா."

அரிசி, முட்டை, பால்மாவு எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினோம். கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். ஆறு ஆண்டுகளாக மின்தூக்கியில் என்னோடு ஏறி இறங்கியவர். அவருடைய கணவருக்குத் தங்குவிடுதியில் இருந்த வேலை போய்விட்டிருந்தது. மூன்று குழந்தைகள். மூன்று நாளாகக் கஞ்சிதான் என்றார். பொருள்களை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே சொன்னார்:

"லிப்ட்ல உங்கள தெனமும் பாப்பேன்கா. தமிழ்ன்னும் தெரியும். பேசினா ஏதும் நெனச்சுக்குவீங்களோன்னு பேசல. உங்க பேரு என்னக்கா?"

எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று. என் பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திய நகரத்தைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் குறைபட்டிருக்கிறேன். ஆனால், மூன்று மாடி கீழே இருந்தவரின் பெயரை ஆறு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே! யாரும் கேட்காத சுகத்தில் நான் இருந்தேன். யாரும் கேட்காததால் அந்தக் குழந்தைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டம்தான் சொர்க்கம், பட்டணம் நரகம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது பொய். அந்த 'எங்க போற'க்களுக்கு நடுவில் திரும்பிப் போய் வாழ என்னால் முடியாது. முன் கண்ணாடி அருகே நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குக் கொடுத்தது இந்த நகரம்தான். ஆனால், யார் என்று கேட்காமல் இருப்பதை அதனிடமிருந்து நானும் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பது அந்த ஒன்பதாவது மாடிக் கதவருகேதான் உறைத்தது.

பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு இனி அறை தேடப் போகும் தம்பி, தங்கைகளே! அந்தக் கேள்வி உங்களிடமும் கேட்கப்படும். உங்கள் பெயரை முழுதாகவே சொல்லுங்கள். சில கதவுகள் சாத்தும், சாத்தட்டும். திறக்கும் கதவு ஒன்று கிடைத்து, குடியேறிய பிறகு, பக்கத்துக் கதவை நீங்களே போய்த் தட்டுங்கள்.

சென்ற மாதம் எங்கள் மாடியில் காலியாக இருந்த வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் குடிவந்தார்கள். எந்த ஊர், எந்த இனம் என்று தெரியாது. மாக்சிக்குக்கு இப்போது முழங்கால் வலி. அதிகம் நடக்க முடியாது. அதனால் குவே தட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். கதவைத் தட்டினேன். ஒருவர் பாதிக் கதவைத் திறந்து, தயக்கத்தோடு பார்த்தார்.

"என் பெயர் மீனாட்சி. நான்கு வீடு தள்ளி இருக்கிறேன். உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டேன்.