தேவதைக்குப் பங்கு உண்டு!

“ஒரு மிடறு சுவையுங்கள், ஐயா! சுவைக்காமல் இங்கிருந்து எவரும் திரும்புவதில்லை!”

விரல் உயரக் கண்ணாடிக் குவளை. அதிலே தெளிந்த நீர் போன்றதொரு திரவம். நீட்டியவர் முகத்திலே புன்னகை. சுற்றி நின்றோர் கைகளிலே குவளை, கண்களிலே களிப்பு. என் கை மட்டும் நீளவில்லை. “வேண்டாம்” என்றேன். “நோன்போ?” என்று கேட்டார். நோன்பு நோற்கும் பழக்கம் எனக்கில்லை. என்னைத் தடுத்தது அந்த மணம். மாலை மங்கிய பிறகு எங்கள் வீட்டு வாயிற்படியில் தள்ளாடி வந்து நிற்குமே, என் தந்தைக்கு முன்னதாகவே உள்ளே நுழையுமே, அதே மணம்! சாராயத்தின் மணத்துக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை போலும். புதுவையிலும் அதுதான், குவாதலூப்பிலும் அதுதான்.

குவாதலூப் எங்கே, நான் எங்கே என்று கேட்பீர்கள். கரீபியக் கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் சந்திக்கும் இடத்திலே கிடக்கும் தீவு அது. 1946 முதல் பிரெஞ்சு நாட்டின் ஒரு மாவட்டம். என் அத்தானின் பாட்டனார் பிரெஞ்சுப் படையிலே பணியாற்றியவர். அந்த வழியில் வந்த குடியுரிமையால் அத்தான் அத்தீவிலே கணக்காசிரியர். அக்கா அங்குள்ள மருத்துவமனையிலே செவிலி. “கோடை விடுமுறையில் வாடா தம்பி, பாடநூலில் படிக்காததைப் பார்த்துப் போகலாம்” என்று பயணச்சீட்டு அனுப்பினாள். சென்றேன். மே மாதம், அங்கே கரும்பு வெட்டும் காலம். வடிசாலைகள் எல்லாம் புகை கக்கிக்கொண்டிருந்தன. ஊர் பார்க்க வருவோருக்கு அவைதாம் காட்சிச்சாலைகள். நம் நாட்டிலே கோபுரம் காட்டுவதுபோல், அங்கே கொதிகலன் காட்டுகிறார்கள்!

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகின் பெரும்பாலான இடங்களிலே ரம் என்பது, சர்க்கரை எடுத்த பிறகு எஞ்சும் மொலாசஸைப் புளிக்க வைத்து வடிப்பது. குவாதலூப்பின் வடிசாலைகள் பலவற்றிலோ கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்க வைக்கிறார்கள். வெட்டிய கரும்பு காத்திருந்தால் கெட்டுவிடும். ஆகவே வயலிலிருந்து வண்டிகள் வரிசையாக ஓடி வருகின்றன. உருளைகள் நெரிக்கின்றன, சாறு வழிகிறது. சக்கை வீணாவதில்லை, அதுவே கொதிகலனுக்கு விறகு. சாற்றிலே ஈஸ்ட் சேர்த்து, ஒன்றிரண்டு நாள் தொட்டியிலே விட்டால், நம்மூரார் ‘ஊறல்’ என்பார்களே, அது தயார். அதை உயர்ந்த வடிகலத்திலே நீராவியால் சூடாக்கினால் சாராயம் பிரிந்து வருகிறது. பிறகு நீர் சேர்த்து வீரியம் குறைத்து விற்கிறார்கள். மரி-கலாந்த் என்னும் பக்கத்துத் தீவிலே நூற்றுக்கு 59 பங்கு வீரியம். அதிலே அவர்களுக்குப் பெருமை வேறு! ஓக் மரப் பீப்பாயிலே மூன்றாண்டு, அதற்கு மேலும் அடைத்து வைத்தால் பொன்னிறம் பெற்று, விலையும் பெற்று வெளிவருகிறது.

இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எங்கள் பள்ளியின் அறிவியல் அறையிலே சிறு அளவில் விளக்கிவிடலாம். ஆயினும் இந்தச் சாராயத்தைச் சுற்றி எத்தனை விண்ணவர், எத்தனை பேய்கள்!

பார்படாசிலே குடியேறிய ஆங்கிலேயர் இதற்கு முதலில் இட்ட பெயர் ‘பிசாசுக்கொல்லி’. அதுவே பிரெஞ்சு நாவிலே ‘கில்தீவ்’ ஆயிற்று. பிசாசைக் கொன்றதோ இல்லையோ, மனிதரைக் கொன்றதற்குக் கணக்கு இல்லை. அடுத்து, மரி-கலாந்த்திலே ஒரு புட்டியை எடுத்துப் பார்த்தேன். அதன் மேலே பாதிரியார் ஒருவரின் பெயர்! லாபா பாதிரியார். 1694-இல் மார்த்தினிக் தீவுக்கு வந்த தொமினிக்கன் துறவி. ஆன்மாக்களைக் கரையேற்ற வந்தவர், சாராயம் வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்திப் பெயர் பெற்றார். அவர் நிருவகித்த கரும்புத் தோட்டத்திலே பாடுபட்டோர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகள்! துறவிக்குத் தோட்டம், தோட்டத்துக்கு அடிமை, அடிமைக்குக் கசையடி. கேட்டால், ஞானஸ்நானம் செய்து வைத்தோமே என்பர்.

1685-இல் பதினான்காம் லூயி மன்னன் ‘கருப்பர் சட்டம்’ என்று ஒன்றை வெளியிட்டான். அடிமைகள் அனைவருக்கும் ஞானஸ்நானம் செய்விக்க வேண்டும் என்று கட்டளையிட்டது அது. அதே சட்டத்தின் 23-ஆம் விதியை அத்தான் படித்துப் பொருள் சொன்னார்: அடிமைக்குத் தரவேண்டிய உணவுக்குப் பதிலாகச் சாராயம் கொடுக்கலாகாது! படித்ததும் நான் திகைத்து நின்றேன். நடவாத ஒன்றைத் தடுக்க எந்த மன்னனும் மை செலவிடுவதில்லை. வகுப்பிலே ‘சுவரில் கிறுக்காதே’ என்று நான் எழுதி ஒட்டினால், சுவர் முன்பே கிறுக்கப்பட்டுவிட்டது என்றுதானே பொருள்! ஆக, சோற்றுக்குப் பதில் சாராயம் ஊற்றிய தோட்டத்து எசமானர்கள் இருந்தார்கள். பசித்தவன் வயிற்றை நிரப்புவதைவிட அவன் நினைவை மயக்குவது மலிவு என்று கண்டுகொண்டார்கள்.

அதே சட்டத்தின் 38-ஆம் விதி இன்னும் கொடியது. ஒரு மாதம் தப்பியோடிய அடிமைக்குக் காதறுத்துத் தோளிலே சூடு. மீண்டும் ஓடினால் முழங்காலின் பின்புற நரம்பு துண்டிப்பு. மூன்றாம் முறை மரணம். இதை நினைவில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

மே 27 அங்கே பொது விடுமுறை. 1848-இல் அந்நாளிலேதான் குவாதலூப்பில் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்தது என்றா சொன்னேன்? ஒரு முறை ஒழிந்து, திரும்பி வந்து, மறுபடி ஒழிந்தது! 1794-இல் புரட்சி அரசு விடுதலை தந்தது. 1802-இல் நெப்போலியன் அதைப் பறித்தான். பறிகொடுக்க மறுத்த தெல்கிரேஸ் என்னும் வீரன், மத்தூபா மலையடியிலே சூழப்பட்டபோது, தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டான், அடிமையாக மீளவில்லை. 1848-க்குப் பின் அரசாங்கம் இழப்பீடும் வழங்கியது. யாருக்கு என்கிறீர்கள்? அடிமைகளை இழந்த எசமானர்களுக்கு! முதுகை இழந்தவனுக்கு ஒரு காசு இல்லை.

விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தை விட்டு அகன்றனர். கரும்பு காத்திருக்குமா? புதிய கைகள் வேண்டும். அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன தெரியுமா, தோழர்களே? புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும்! 1854 டிசம்பர் 24-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பிலே இறக்கியது. 1889 வரை வந்தோர் நாற்பதினாயிரத்துக்கும் மேல். பிற்காலத்தில் கல்கத்தா வழியாக வந்தோரும் உண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்றார்கள். திரும்பியோர் சிறு பகுதியினரே. அடிமை என்ற சொல் போயிற்று, அரிவாள் போகவில்லை!

அப்படி வந்தவர் வழியிலே, காபெஸ்தேர் ஊரிலே 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். “எங்கள் மக்கள் இந்த மண்ணிலே பிறந்தவர்கள், எங்களுக்கு ஏன் வாக்குரிமை இல்லை?” என்று அவர் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டது, உரிமை கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு மனிதர் காகிதத்தோடும் காலத்தோடும் போராடியிருக்கிறார். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? வெட்கத்தோடு சொல்கிறேன், அத்தீவில் கால் வைக்கும்வரை எனக்கும் தெரியாது.

அதே காபெஸ்தேரிலேதான், 1895 முதல் நடந்துவரும் லோங்கெத்தோ வடிசாலையைப் பார்த்தோம். திரும்பும் வழியில், சாங்கி என்னுமிடத்திலே, சாலையோரம் வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில். மாரியம்மன் அங்கே ‘மாலியெமின்’. மொழி போய்விட்டது, தெய்வம் மட்டும் தங்கிவிட்டது. என் உள்ளத்திலே உடனே ஒரு சொற்பொழிவு தயாராயிற்று. மதுரை வீரனுக்கு அங்கே ரம் படைப்பதும் உண்டு என்று அக்கா சொன்னதும் சொற்பொழிவு இரட்டிப்பாயிற்று. பக்தியும் போதையும் கைகோத்து நடக்கும் காட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்காவின் மருத்துவமனைப் பழக்கத்தால் அறிமுகமான மூதாட்டி ஒருவர் வீடு அருகில் இருந்தது. எண்பதைக் கடந்தவர். சிறுமியாய் இருந்த நாள் முதல் கரும்புக் கட்டுச் சுமந்தவர். தோகை கிழித்த தழும்புகள் முழங்கையெல்லாம். அவருக்குக் கிரியோல் மொழிதான் தெரியும். அக்கா இடையிலே நின்று மொழிபெயர்த்தாள். நான் தமிழாசிரியர் என்று அறிந்ததும், என் சொற்பொழிவுக்கு இடமே கொடாமல், அவர் ஒரு வினாவை எழுப்பினார்.

“அந்தக் குதிரை வீரன் யார் என்று என் பாட்டியைக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. பூசாரியைக் கேட்டேன், பாட்டு வருகிறது, பொருள் வரவில்லை என்றார். நீ படித்த பிள்ளை. அவன் யார்?”

நான் சொன்னேன். “அவன் மனிதன், பாட்டி. தாழ்த்தப்பட்ட குலத்தார் வளர்த்த பிள்ளை என்பது கதை. மேற்குலத்துப் பெண்ணை விரும்பினான். மன்னனுக்காகக் கள்ளரோடு போரும் செய்தான். அந்த மன்னனே, மாறு கால் மாறு கை வாங்கச் சொன்னான்.”

“அப்படியென்றால்?”

“ஒரு பக்கத்துக் கையையும் மறு பக்கத்துக் காலையும் வெட்டுவது.”

அக்கா மொழிபெயர்த்து முடித்ததும் மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் முழங்காலின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்கேயும் ஓடியவர்களுக்கு அதைத்தானே செய்தார்கள்! கருப்பர் வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.” மீண்டும் சற்று மௌனம். “வெட்டியவர்களா அவனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்?”

அந்த ஒரு கேள்வியிலே என் சொற்பொழிவு முழுவதும் இருந்தது. அதைவிடக் கூடுதலாகவும் இருந்தது. வாழ்ந்தபோது நீதி தராதவர்கள், வெட்டி வீழ்த்திய பின் சிலை தந்தார்கள், சிலையின் முன் சாராயம் வைத்தார்கள். உணவுக்குப் பதில் சாராயம் என்றது தோட்டம். நீதிக்குப் பதில் சாராயம் என்றது கோயில். நான் அவரைத் திருத்தப் போனேன். அவர் என் சிந்தனையைத் தீட்டி அனுப்பினார். “அடுத்த முறை பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன், புட்டியைத் திறக்குமுன் சொல்வேன்” என்றார். படையலை நிறுத்துவேன் என்று அவர் சொல்லவில்லை. பொருள் தெரிந்த பின் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் அறிவுக்கு விட்ட வேலை.

மறுநாள் வேறொரு வடிசாலை. இருண்ட கிடங்கு, அடுக்கடுக்காய்ப் பீப்பாய்கள். வழிகாட்டி சொன்னார்: “ஆண்டுதோறும் பீப்பாயிலிருந்து ஒரு பங்கு காற்றிலே ஆவியாகிவிடும். ஐரோப்பாவின் குளிரிலே நூற்றுக்கு 2 பங்கு அளவு. இந்த வெப்பத்திலே அதைப்போல் பல மடங்கு. அதை நாங்கள் தேவதைகளின் பங்கு என்போம்!” எல்லோரும் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. வெப்பத்தால் ஆவியாவதற்குத் தேவதை என்று பெயர். அந்தத் தேவதைக்குக் கணக்கேட்டிலே இடம்! இயந்திரம் ஏறாத சரிவிலே இன்றும் வெயிலில் நின்று கையால் வெட்டுகிறானே, அவன் பங்கு எத்தனை என்று அந்தச் சுவரிலே எழுதக் காணோம். 1952 பிப்ரவரி 14-இல், லெ மூல் ஊரிலே, கரும்பாலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தேவதை கேளாமலே பெற்றது. மனிதன் கேட்டான், குண்டு பெற்றான்!

என் தந்தையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் மூட்டை தூக்கியவர். கூலி வாங்கிய இடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையிலே சாராயக்கடை இருந்தது. நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஈரல் கெட்டு மறைந்தார். நான் அழவில்லை. அவரை வெறுத்தேன்; அந்த வெறுப்பைக் கொள்கை என்று எண்ணிக்கொண்டேன். குடி கேடு என்பதிலே இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இருண்ட கிடங்கிலே நின்றபோது முதன்முறையாக ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: நாள் முழுதும் முதுகிலே சுமை ஏற்றியவர்கள் மாலையிலே அவருக்கு வேறென்ன வைத்திருந்தார்கள்? படிப்பகம் இல்லை, மருத்துவம் இல்லை, வயிறு நிறையக் கூலி இல்லை. வழியிலே கடை மட்டும் இருந்தது. 23-ஆம் விதி கடல் கடந்து எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

பள்ளி திறந்துவிட்டது. வரலாற்றுப் பாடத்திலே அடிமை முறை ஒரு பத்தியாக இருக்கிறது. அதற்கு நான் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். என் வகுப்பிலே கடைசி வரிசையிலே ஒரு சிறுவன். மாலை மணி அடித்தாலும் எழுந்திருக்க மனமின்றி உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டு வாயிற்படியிலும் அந்த மணம் வந்து நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். “அப்பனை வெறுக்காதே” என்று நான் அவனுக்கு அறிவுரை கூறவில்லை. சிதம்பரத்தின் கதையைச் சொன்னேன்; பத்தொன்பது ஆண்டுகள் என்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

தோழர்களே! குடித்தவனைப் பார்த்துக் கைகொட்டி நகைப்பது எளிது. அவன் கையிலே குவளையைத் திணித்து, அதிலே இலாபத்தையும் வடித்துக்கொண்டவன் யார் என்று கேட்பதுதான் பகுத்தறிவு. தேவதையின் பங்கைக் கணக்கிட ஆள் இருக்கிறது. உழைத்தவன் பங்கைக் கணக்கிடும் வேலை நம்முடையது.