என்ன வேலை பார்த்தார்?

மோட்டார் வாகன விபத்து வழக்கில் இழப்பீட்டுக் கணக்கு போடுவது பெரிய வித்தை இல்லை. 2009-ல் சர்லா வர்மா வழக்கில் எந்த வயதுக்கு எந்தப் பெருக்கெண் என்று உச்ச நீதிமன்றம் அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டது. நாளைக்குக் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்காக எவ்வளவு சேர்க்கலாம் என்பதை 2017-ல் பிரணய் சேத்தி வழக்கு முடிவு செய்தது. வாய்ப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குள் போகிற முதல் எண்ணில்தான் வக்கீலின் வேலை இருக்கிறது. அந்த எண், இறந்தவரின் மாத வருமானம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒருவர், வயது 34, நான்குவழிச் சாலையில் லாரி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருந்தவர்கள். மாதம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 40 சதவீதம் கூட்டி 16,800. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 12,600. வருடத்துக்கு 1,51,200. அந்த வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக 24,19,200 ரூபாய். ஆதாரம் போதாது என்று வருமானத்தை 9,000-க்கு இறக்கினால் 18,14,400 ஆகிவிடும். மாத வருமானத்தில் குறைகிற ஒவ்வோர் ஆயிரத்துக்கும் அந்த வீட்டுக்கு 2,01,600 ரூபாய் போய்விடுகிறது.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளச் சீட்டு வாங்கியதே இல்லை. மேலூர்ப் பக்கம் நாற்று நடுகிறவர்கள், சித்தாள்கள், பரோட்டா மாஸ்டர்கள், சரம் கட்டுகிற பெண்கள். ஆதாரம் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார்கள். இல்லாமல் இல்லை; அது வேறு பெயரில் வேறு இடத்தில் கிடக்கிறது. பால் சங்கத்தில் ஊற்றிய பாலுக்கு அட்டை இருக்கும். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்டிய பாஸ்புக் இருக்கும். மேஸ்திரியிடம் ஆள் கணக்கு எழுதிய நோட்டும், கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையும் இருக்கும். மொய் நோட்டைக்கூட நான் கொண்டுவரச் சொல்வதுண்டு. வருமானச் சான்றாக அதைக் காட்ட முடியாது. ஆனால் அந்த மனிதர் எந்த நிலையில் வாழ்ந்தார், யார் யாரோடு வேலை செய்தார் என்று தெரிந்தால், யாரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

2014-ல் சையது சாதிக் வழக்கில், விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் எந்தச் சீட்டும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொண்டது. விபத்து நடந்தது 2008-ல். விலைவாசியைப் பார்த்தால் அந்த அளவு சம்பாதித்திருப்பார் என்று நம்பலாம் என்றது. காகிதம் இல்லாத வழக்குகளில் எங்களுக்குப் பெரிய துணை இந்தத் தீர்ப்பு. ஆனால் அதை மட்டும் நம்பி ஆதாரம் தேடாமல் இருந்தால், தீர்ப்பாயம் தன் மனதுக்குப் பட்ட தொகையில் நின்றுவிடும்.

கூட்டிச் சொல்வதும் ஆகாது. புருஷன் முப்பதாயிரம் சம்பாதித்தார் என்று சொல்லிக்கொடுத்துக் கூண்டில் ஏற்றினால், வாடகை எவ்வளவு, மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை என்று இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கும் இரண்டு கேள்வியில் அந்தம்மா உடைந்துபோவார். பிறகு உண்மையான பன்னிரண்டாயிரத்தையும் நம்ப ஆள் இருக்காது.

இறந்தது பெண் என்றால் வேலை இன்னும் நுணுக்கமானது. என்ன வேலை பார்த்தாங்க என்று கேட்டால், “சும்மா வீட்லதான் சார் இருந்தா” என்பார் கணவர். நான் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. “காலையில மாட்டுல பால் கறந்தது யாருண்ணே? ஒங்க அம்மாவ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், அவரே திகைத்துப்போகிற அளவுக்குப் பட்டியல் நீளும். 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது உச்ச நீதிமன்றம். அது 2001 தீர்ப்பு. 2021-ல் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசிக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றது. சட்டம் அத்தனை தூரம் வந்த பிறகு, மனுவில் ‘குடும்பத் தலைவி’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது நம் சோம்பல்தான்.

காயம்பட்டவர் வழக்கிலும் இதே கேள்விதான். மருத்துவ வாரியம் கொடுக்கும் ஊனச் சதவீதமும் பிழைப்பில் விழும் ஓட்டையும் ஒன்றல்ல என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கு தெளிவாகச் சொன்னது. இடது கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமல் இருக்கலாம். தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பு முழுக்கப் போய்விடும் என்பது அதில் வரும் உதாரணம். பூக் கட்டுகிறவருக்கு இரண்டு விரல் மடங்காமல் போனால் சான்றிதழில் சொற்ப சதவீதமே வரும். அந்த இரண்டு விரலில்தான் நாரும் பூவும் சேரும் என்பதைச் சாட்சியத்தில் ஏற்றுவது என் பொறுப்பு.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கட்டுவதற்கு ஆள் வேண்டும். கிடா வெட்டுக்குச் சரக்கு வண்டியில் ஆளேற்றிப் போய்க் கவிழ்ந்தால், ஓசியில் ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்பது ஆஷா ராணி வழக்கு முதல் நிற்கும் நிலை. மிஞ்சுவது வண்டிக்காரர் ஒருவர்தான், அவரிடம் அந்த வண்டியைத் தவிர ஒன்றும் இருக்காது. அரசுப் பேருந்து என்றால் தீர்ப்பு வந்தும் பணம் வராமல், கோர்ட் அமீனாவோடு போய் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்தியை இந்த ஊர்க்காரர்கள் பேப்பரில் படித்தே பழகியவர்கள்.

2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்த பிறகு, மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஒத்தக்கடைப் பக்கம் போனால் போதும். ஆனால் தூரம் குறைந்ததால் வழக்கு பலமாகிவிடாது. அங்கே பெரும்பாலும் பார்ப்பது கீழே பதிவான சாட்சியத்தையும் குறியிட்ட ஆவணங்களையும்தான். கீழே கேட்காமல் விட்ட கேள்விக்கு மேலே பதில் தேட முடியாது. அதனால்தான் ‘கூலித் தொழிலாளி’ என்று ஒரே சொல்லில் மனு எழுதிக் கொண்டுவரும் ஜூனியரிடம் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என்ன வேலை, யாரிடம், எத்தனை மணிக்கு எழுந்து போவார், வேலை இல்லாத நாளில் வீடு எப்படி நடந்தது என்று நான்கு வரி சேர்த்துக்கொண்டு வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.