உள்ளங்கையில் ஒரு கச்சேரி

பியானோவுக்கு 88 கட்டைகள், பத்து விரலுக்கும் வேலை. கஞ்சிராவுக்கு? பலா மரச் சட்டம், உடும்புத் தோல், ஒரு ஜோடி காசு. அவ்வளவுதான் மாப்ளே!

இந்தக் குட்டி வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் கம்பீரமா உட்கார வெச்சவர், நம்ம புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859-1922). கோயில் ஊர்வலத்தில் விளக்கு தூக்கியவர், பிறகு தவில்காரர் மாரியப்பரிடம் லயம் கற்றார் என்பார்கள்.

கஞ்சிராவில் வலது கை வாசிக்கும். பிடிச்சிருக்கிற இடது கையும் சும்மா இருக்காது. தோலை அழுத்தி அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும். உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவினால், அந்த ஆழமான 'கும்' பிறக்கும்.

அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா ரெண்டிலும் புலி. இன்னொரு சீடர் முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடது கைப் பழக்கக்காரர். அந்தக் கையாலேயே வாசிச்சு மிருதங்க மேதை ஆனார்.

இப்போ உடும்பு, சட்டம் பாதுகாக்கும் உயிரினம். அதனால் ஆட்டுத் தோல், செயற்கைத் தோல்னு கஞ்சிராவும் மாறிக்கிட்டே இருக்கு. வாத்தியம் தப்பிச்சிடும். பேரு?

புதுக்கோட்டைன்னா அரண்மனை, சித்தன்னவாசல்னு ஹாஸ்டல் நண்பர்களிடம் பெருமை பேசுவீங்கல்ல? அடுத்த தடவை, விளக்கு தூக்கிய அந்த மனுஷனையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க!