சுமைதூக்கிகளின் பானம்

தமிழில் மதுவைப் பற்றி எழுத உட்காரும்போது இரண்டு குரல்கள்தான் கைக்கு எட்டுகின்றன. ஒன்று, குடி குடியைக் கெடுக்கும் என்று எச்சரிக்கும் குரல். மற்றது, நள்ளிரவில் நண்பர்கள் கூடிய அறையிலிருந்து எழும் வீரப்பிரதாபக் குரல். நம் நவீன இலக்கியவாதிகளிடையே இதற்குச் செல்வாக்கு சற்று அதிகம். வாயில் வைத்த ஒரு மிடறு எப்படி இருந்தது, முதலில் என்ன மணந்தது, பிறகு என்ன தங்கியது என்று நிதானமாகச் சொல்லும் குரல் மட்டும் அகப்படுவதில்லை. காப்பியைப் பற்றி அப்படி அரை மணி நேரம் பேசக்கூடியவர்கள்தாம் நாம்.

சங்கப் புலவர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. கள், நறவு, தேறல், பிழி, மட்டு, தோப்பி என்று அவர்களிடம் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தோப்பி நெல்லிலிருந்து ஆக்கியது. தானியத்தைப் புளிக்கவைத்தது என்பதால் அதை பீருக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலைப் புறநானூறும் மலைபடுகடாமும் பேசுகின்றன. அதியமான் இறந்தபின் ஔவை பாடும்போது, முதலில் அவருடைய நினைவுக்கு வருவது அவன் கள்ளைப் பகிர்ந்த விதம். பிறகு வள்ளுவர் வந்தார். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம், 93ஆவது, ஒதுக்கினார். அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சொற்கள் போய்விட்டன.

நான் எழுத வந்தது மரத்தில் முதிரவைத்த வேறொரு பானத்தைப் பற்றி. நான் வசிக்கும் சிகாகோவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதம், நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, மதுக்கடைகளின் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். மடக்கு நாற்காலி, கம்பளி, கையில் காப்பிக் குவளை. உள்ளே விற்கப்படுவது கூஸ் ஐலண்ட் என்ற மதுவடிப்பகத்தின் பர்பன் கவுண்ட்டி ஸ்டவுட். 500 மில்லி பாட்டில். மதுச்சத்து சுமார் 15 சதவீதம், அதாவது சாதாரண பீரைப்போல மூன்று மடங்கு. இம்பீரியல் ஸ்டவுட் என்ற வகையைச் சேர்ந்தது. பர்பன் விஸ்கி இருந்து காலியான ஓக் பீப்பாயில் சுமார் ஓராண்டு கிடந்து வருவது.

இதன் பிறப்புக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. கூஸ் ஐலண்டின் கிரெக் ஹால் ஒரு விருந்தில் ஜிம் பீம் விஸ்கி குடும்பத்தைச் சேர்ந்த புக்கர் நோவைச் சந்தித்து, ஆறு பீப்பாய்களைக் கேட்டு வாங்கி, அவற்றில் தன் கனத்த ஸ்டவுட்டை நிரப்பினார். இது நடந்தது 1992 என்று நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. ஜாஷ் நோயல் என்ற பத்திரிகையாளர் 2018இல் எழுதிய நூலில், கிடைக்கும் சான்றுகள் 1995ஐயே சுட்டுகின்றன என்று காட்டினார். (நம் ஊர்த் தலபுராணங்களுக்கும் இப்படி ஒருவர் கிடைத்தால் நன்றாயிருக்கும்.) 2011இல் ஆன்ஹைசர்-புஷ் பெருநிறுவனம் கூஸ் ஐலண்டை 38.8 மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டது. உள்ளூர் ரசிகர்கள் துரோகம் என்றார்கள். சொல்லிவிட்டு, அந்த ஆண்டும் வரிசையில் நின்றார்கள்.

எனக்கு இந்தக் கதையைவிடப் பீப்பாயின் கதைதான் பிடித்தமானது. பர்பன் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அந்த விஸ்கியை உட்புறம் கருக்கிய புத்தம்புதிய ஓக் கலத்தில்தான் வைக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எனவே சுமார் 200 லிட்டர் கொள்ளும் ஒரு நல்ல பீப்பாய், ஒரே ஒரு முறை பயன்பட்டதும், அந்தத் தொழிலுக்கு உதவாததாகிவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள், ரம் காய்ச்சுபவர்கள் வாங்குகிறார்கள், இப்போது பீர்க்காரர்களும். காலி என்று சொன்னாலும் அது காலியில்லை. பலகைகளுக்குள் லிட்டர் கணக்கில் விஸ்கி ஊறிக் கிடக்கும். சிகாகோவின் பீப்பாய்க் கிடங்கில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதில்லை. கோடையில் மரம் விரிந்து பீரைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. பனிக்காலத்தில் சுருங்கி அதைத் திருப்பித் தள்ளுகிறது. அப்படிப் போய்வரும்போது கருகிய ஓக்கிலிருந்து வெனிலாவின் மணப்பொருளான வெனிலின், தேங்காயை நினைவூட்டும் லாக்டோன் ஆகியவற்றைப் பீர் எடுத்துக்கொண்டு வருகிறது. வெனிலாவும் சேர்ப்பதில்லை, தேங்காயும் சேர்ப்பதில்லை. மரம் கொடுப்பது.

இம்பீரியல் என்ற அடைமொழிக்குப் பின்னால் ஒரு மகாராணி இருக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கறுத்த பீருக்குப் போர்ட்டர் என்று பெயர் வந்தது, அதை அதிகம் குடித்தவர்கள் போர்ட்டர்கள் என்பதால். தேம்ஸ் துறைகளிலும் தெருக்களிலும் மூட்டை சுமந்தவர்கள். அவர்களுக்கு அது கேளிக்கை அல்ல. இரண்டு சுமைகளுக்கு நடுவில் உண்ட உணவு. அந்தப் போர்ட்டரில் கெட்டியானது ஸ்டவுட். லண்டன் சதர்க் பகுதியிலிருந்த த்ரேல் வடிப்பகம் அதிலும் மிகக் கெட்டியான ஒன்றைக் காய்ச்சிக் கடல்வழியாக ருஷ்யாவுக்கு அனுப்பியது. (அதிபர் ஹென்றி த்ரேல் 1781இல் இறந்தபோது வடிப்பகத்தை விற்றுக்கொடுக்கும் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன். இலக்கியவாதிகளின் கைக்கு இப்படியொரு சொத்து வருவது அபூர்வம். 135,000 பவுண்டுக்கு விற்றுக்கொடுத்தார்கள்.) ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் 1796இல் தன் நாட்குறிப்பில், ருஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சப்பட்ட போர்ட்டரைக் குடித்ததாகவும், அது ஏழாண்டு கெடாமல் இருக்கும் என்று சொல்லக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பேரரசி இரண்டாம் காத்தரீன். மூட்டை தூக்கியவனின் பானம் ஒரு நூற்றாண்டுக்குள் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2018இல் வாங்கிய ஒரு பாட்டிலை வீட்டின் நிலவறையில் படுக்கவிடாமல் நிறுத்திவைத்திருந்தேன். 2024 டிசம்பரில், வெளியே பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர்கள் வந்தபோது திறந்தேன். இதைக் குளிரக் குளிரக் குடித்தால் ஒன்றும் தெரியாது, நாக்கு மரத்துப்போகும். வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் வைத்திருந்து, வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றவேண்டும். ஊற்றும்போது எண்ணெய்போல இறங்கியது. மாநிறத்தில் நுரை ஒன்று எழுந்து, பேச்சு முடிவதற்குள் அடங்கிவிட்டது. விளக்குக்கு நேராகப் பிடித்தாலும் ஒளி ஊடுருவவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்கச் சுவைக்குறிப்புகள் மார்ஷ்மெல்லோ, ஃபட்ஜ், அத்தி, புகையிலை என்று ஒரு பட்டியல் போடும். மார்ஷ்மெல்லோவை நான் முதலில் தின்றது முப்பது வயதுக்குமேல். அதன் மணத்தை என் மூக்கு எங்கிருந்து நினைவுகூரும்? எனவே ஒரு நோட்டுப்புத்தகத்தில் தமிழில் எழுதிவருகிறேன். அன்று எழுதியது இது: முதல் மோப்பத்தில் பேரீச்சம்பழம், உடனே விஸ்கியின் காட்டம். வாயில் வைத்ததும் பாகுபோல ஒரு கனம். வறுத்து முடிக்கும் தறுவாயில் காப்பிக்கொட்டை. நடுவில் கொப்பரை. விழுங்கியபின் நெஞ்சில் சுக்குக் கஷாயத்தின் சூடு. ஆறாண்டு கிடந்ததால் ஹாப்ஸின் கசப்பு தேய்ந்து, சோயா குழம்பின் உப்புச்சுவைபோல ஒன்று ஓரத்தில் தலைகாட்டுகிறது. அது காற்று மெல்ல உள்ளே புகுந்ததன் அடையாளம். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் அது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கடைசியில் ‘ஓக்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். ஓக் மரத்தை அறுக்கும் இடத்தில் நான் நின்றதே இல்லை.

அன்று வந்த நால்வரில் ஒருவர் குடிப்பதில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். கும்பகோணம் பக்கத்தில் ஒரு நெல் மண்டியில் அவருடைய அண்ணன் லோடுமேனாக இருந்தார். அந்தக் கூலியில்தான் தம்பி பொறியியல் படித்தது. மண்டியில் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் தோள் கொடுத்தவர், மாலையானால் உடம்புவலிக்கு என்று ஆரம்பித்து, நாற்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுப்போய் இறந்தார். நண்பர் எங்கள் கூட்டங்களுக்கு வருவார்; மோர் குடிப்பார்; யாரையும் எதுவும் சொன்னதில்லை. அன்று பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பதினஞ்சு பர்சென்ட்டாங்க?”

ஆமாம் என்றேன்.

“ஐநூறு மில்லி. அப்ப சுத்தமான ஆல்கஹால் எழுபத்தஞ்சு மில்லி.” சற்று யோசித்தார். “ஒரு குவார்ட்டர் நூத்தியெண்பது. நாப்பத்திரண்டு புள்ளி எட்டு பர்சென்ட். எழுபத்தேழு வருது. ரெண்டும் ஒண்ணுதான் இல்லீங்களா?”

அந்த 42.8 அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அறையில் யாரும் பேசவில்லை. கணக்கு சரி. ஆறாண்டு பாதுகாத்து, கோப்பையைத் தேர்ந்து, வெப்பநிலை பார்த்து, நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டு நாங்கள் குடித்தது ஒரு குவார்ட்டர்.

“நாங்க இத நாலு பேரு ரெண்டு மணி நேரமா குடிக்கிறோம்” என்றார் இன்னொரு நண்பர், கொஞ்சம் அவசரமாக. தன்னையும் சேர்த்து எண்ணிய அந்த நாலு பேரில் மோர் குடித்தவரும் அடக்கம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

“சரிதாங்க. எங்கண்ணன் ரெண்டு நிமிஷத்துல குடிப்பாரு. நின்னுக்கிட்டே. ஒரு வாட்டர் பாக்கெட், கொஞ்சம் ஊறுகாய்.” கோபம் எதுவும் இல்லை அவர் குரலில். “ஆனா அவரு குடிச்சதப் பத்தி யாரும் நோட்டு எழுதல.”

பிற்பாடு நான் இதை நிறைய யோசித்தேன். இரண்டு நிமிடம் என்பது அவருடைய அண்ணனின் குணக்கேடு அல்ல. நம்மூரில் பிராந்தி என்றும் ரம் என்றும் விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் கூட்டியது. நாக்கில் நிறுத்திவைக்க அதில் ஒன்றுமில்லை. நாக்கை ஏமாற்றிவிட்டுத் தொண்டைக்குள் போகவேண்டிய பொருள்; ஊறுகாய் எதற்கென்று நினைக்கிறீர்கள்? 2003இல் சில்லறை விற்பனையையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டபின்னும் அந்த இரண்டு நிமிடம் நீளவில்லை. உட்கார்ந்து, முகர்ந்து, பேசிக்கொண்டே குடிக்கும் அவகாசமும் ஒரு சொத்துதான், எல்லோரிடமும் இருப்பதில்லை. ஆனால் இந்த வாதமெல்லாம் குடிக்கிற எனக்கு வசதியானது என்பதும் எனக்குத் தெரியும். ஈரல் நோட்டுப்புத்தகத்தைப் படிப்பதில்லை.

நண்பர் என் கோப்பையைச் சுட்டி, “மோந்து பாக்கலாமாங்க?” என்று கேட்டார். தயங்கித்தான் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் பிடித்து, மூக்கை உள்ளே விட்டு, நாங்கள் யாரும் முகர்ந்ததைவிட நெடுநேரம் முகர்ந்தார்.

“கருப்பட்டி” என்றார். “கருப்பட்டி காய்ச்சற எடத்துல அடி லேசா தீஞ்சா ஒரு வாசன வரும்ல, அது.” மறுபடி முகர்ந்தார். “அப்புறம் சாக்கு.”

“சாக்கா?”

“நெல்லு மூட்டச் சாக்குங்க. பழைய சாக்கு. வெயில்ல காஞ்சு, ஒருத்தன் தோள்ல வேர்வையோட கெடந்தா வருமே.” கோப்பையை மேசைமேல் வைத்தார். “அண்ணன் சட்டையில இருக்கும். குடிக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வர்ற நாள்ல.”

நான் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். இருந்தது. தூசும் நாரும் உலர்ந்த தானியமும் கலந்த அந்த மணம் முதலிலிருந்தே அங்கே இருந்தது. கையில் சொல் இல்லாததால் தாண்டிப் போயிருக்கிறேன். நோட்டுப்புத்தகத்தில் ஓக்கை அடித்துவிட்டுச் சாக்கு என்று எழுதினேன். மற்ற இருவரும் முகர்ந்துவிட்டு ஆமாம் என்றார்கள். அதற்குமேல் அன்று யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்ததை மறுநாள் தனியாகக் குடித்தேன். கொட்ட மனம் வரவில்லை. வாயு போய்விட்டிருந்தது, சுவை அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நண்பர் தொலைபேசினார். வேறு ஏதோ வேலையாகத்தான். பேச்சின் நடுவில், “அந்தப் பீப்பாய என்னங்க பண்ணுவாங்க, பீர் எடுத்தப்புறம்?” என்று கேட்டார்.

சிலவற்றை வேறு வடிப்பகங்கள் வாங்கிப் புளிப்பு பீர் செய்யப் பயன்படுத்துகிறார்கள், மற்றவற்றைக் குறுக்கே அறுத்துப் பூந்தொட்டியாக விற்கிறார்கள், வசந்தகாலத்தில் தோட்டச் சாமான் கடைகளில் பார்க்கலாம் என்றேன்.

“மண்ணு போட்டாத் தாங்குமா?”

சில வருடம் தாங்கும் என்றேன். கறிவேப்பிலைக்குச் சரியாக வருமா என்று கேட்டார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவைக்கவேண்டும், அந்தத் தொட்டியை மண்ணோடு இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது என்று சொன்னேன். அவர் சிரித்தார்.